புதுக் காரில் பழைய பாட்டு



"இந்த இதழுக்கு ஒரு சரித்திரக் கட்டுரை வேண்டும் சார்" என்று நம் செயலாளர் கேட்டபோது, ராஜராஜ சோழனைப் பற்றி ஏதாவது எழுதித் தருவேன் என்று நினைத்திருப்பார். நான் எழுதப்போவது நம் பார்க்கிங்கில் நிற்கும் கார்களைப் பற்றி. இன்னும் சரியாகச் சொன்னால், ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் இருக்கும் பாட்டுப் பெட்டியைப் பற்றி.

ராத்திரி சாப்பிட்டுவிட்டு கீழே நடக்கும்போது டார்ச் அடித்துப் பாருங்கள் (செக்யூரிட்டியிடம் சொல்லிவிட்டு). மூலையில் தூசி படிந்து நிற்கும் பழைய காரில் கேசட் நுழைக்கும் வாய் இருக்கும். பத்துப் பன்னிரண்டு வருஷக் காரில் சி.டி. நுழைக்கும் மெல்லிய கோடு இருக்கும். புதுக் காரில் ஒரு கண்ணாடித் திரையைத் தவிர வேறு ஒன்றுமே இருக்காது.

போன மாதம் என் மகன் புதுக் கார் எடுத்தான். கோயிலில் பூஜை போட்டு, எலுமிச்சம்பழம் ஏற்றி, முன் சீட்டில் உட்கார்ந்தேன். கையில் 112 சி.டி. வைத்த ஜிப் பை. ஐந்து நிமிஷம் தடவித் தடவிப் பார்த்தேன். "அப்பா, இப்ப வர்ற கார்ல அதெல்லாம் கிடையாதுப்பா" என்றான். அந்தப் பையில் கடையில் வாங்கிய சி.டி. 111. மீதி ஒன்றில் மார்க்கர் பேனாவால் 'அம்மா' என்று எழுதியிருக்கும். இந்தக் கட்டுரை அந்த ஒரு சி.டி.க்காகத்தான். ஆனால் அதற்கு முன்னால் கொஞ்சம் சரித்திரம்.

நிலையத்தார் போட்டதே பாட்டு

காரில் முதலில் வந்தது ரேடியோ. 1930-ல் அமெரிக்காவில் கால்வின் கம்பெனி கார் ரேடியோவை விற்பனைக்குக் கொண்டு வந்தது. மோட்டார் காருக்கான பெட்டி என்பதால் அதற்கு 'மோட்டோரோலா' என்று பெயர் வைத்தார்கள். பின்னால் கம்பெனியின் பெயரே அதுவாகிவிட்டது. நம்மில் பலர் மோட்டோரோலா என்றால் செல்போன் என்று நினைக்கிறோம். ஆரம்பம் கார்தான்.

ரேடியோவில் ஒரு குறை. அவர்கள் போடுவதைத்தான் நாம் கேட்க வேண்டும். நம் வீட்டு அலமாரியில் இருக்கும் பாட்டை ஓடும் காரில் கேட்பது எப்படி? அடுத்த கால் நூற்றாண்டு இந்தக் கேள்விக்கு விடை கிடைக்கவில்லை.

1956 மாடல் கார்களில் கிரைஸ்லர் கம்பெனி ஒரு ரெக்கார்டு பிளேயரையே பொருத்திக் கொடுத்தது. பெயர் 'ஹைவே ஹை-ஃபை'. வடிவமைத்தவர் பீட்டர் கோல்ட்மார்க். எல்.பி. ரெக்கார்டை உருவாக்கிய குழுவுக்குத் தலைமை வகித்தவர் அவர்தான். ஓடும் காரில் முள் தாவாமல் இருக்க என்னவெல்லாமோ செய்தார். ஆனால் அந்தத் தட்டு நிமிஷத்துக்கு 16⅔ சுற்று வேகத்தில் ஓடியது. வீட்டில் இருந்த ரெக்கார்டுகளோ 33⅓, 45, 78 வேகத்தவை. ஆக, அலமாரி நிறைய ரெக்கார்டு வைத்திருந்தவரும் காருக்கென்று தனியாகத் தட்டு வாங்க வேண்டும். அதிலும் வெளியான தட்டுகள் கொஞ்சம்தான். சில வருஷங்களிலேயே அது மறைந்தது. சொந்தப் பாட்டைப் போட முடியாத இயந்திரத்துக்கு அதுதான் கதி.

அடுத்து 8-டிராக் டேப். லியர்ஜெட் விமானம் தயாரித்த அதே பில் லியர்தான் இதற்கும் பின்னால் இருந்தார். 1966 மாடல் ஃபோர்டு கார்களில் இது வந்தது. ஒரே வளையமாகச் சுற்றிக்கொண்டே இருக்கும் டேப். பின்னால் சுற்ற வழியில்லை. சில பாட்டுகள் நடுவில் 'டக்' என்று நின்று அடுத்த டிராக்கில் தொடரும். அமெரிக்காவில் பத்துப் பதினைந்து வருஷம் ஓகோ என்று ஓடியது. நம் பக்கம் அதன் வாடையே அதிகம் வீசவில்லை.

கேசட் வந்தது, நாமே கம்பெனி ஆனோம்

நமக்குத் தெரிந்த சரித்திரம் கேசட்டில் ஆரம்பிக்கிறது. 1963-ல் பெர்லினில் நடந்த வானொலிக் கண்காட்சியில் பிலிப்ஸ் கம்பெனி அதை அறிமுகப்படுத்தியது. தயாரித்த குழுவின் தலைவர் லூ ஓட்டன்ஸ் என்ற டச்சு என்ஜினீயர். கோட்டுப் பையில் வைக்கும் அளவுக்கு ஒரு மரத்துண்டை வெட்டி எடுத்துக்கொண்டு, இதற்குள் அடங்க வேண்டும் என்று சொன்னாராம். 2021-ல் தமது 94-வது வயதில் காலமானார். பிலிப்ஸ் செய்த இன்னொரு நல்ல காரியம், கேசட் தயாரிக்கும் உரிமையை மற்றக் கம்பெனிகளுக்கும் இலவசமாகக் கொடுத்தது. அதனால்தான் எந்தக் கம்பெனி கேசட்டும் எந்தக் கம்பெனி பெட்டியிலும் ஓடியது.

டேப் ஒரு வினாடிக்கு 4.76 சென்டிமீட்டர் நகரும். 60 நிமிஷக் கேசட்டில் ஒரு பக்கம் 1,800 வினாடி. பெருக்கிப் பாருங்கள், சுமார் 86 மீட்டர். பி.காம். படித்தவனுக்குக் கணக்குப் போடாமல் இருக்க முடியாது, பொறுத்துக்கொள்ளுங்கள். பிளேயர் டேப்பைக் கடித்துத் துப்பும்போது அந்த 86 மீட்டரில் பாதி காரின் கியர் லீவர் மேல் கிடக்கும். பென்சிலைப் பல் சக்கரத்தில் விட்டுச் சுற்றிச் சுற்றி உள்ளே ஏற்றியவர்கள் நம் குடியிருப்பில் எத்தனை பேர், கை தூக்குங்கள்!

கேசட்டின் பெரிய மாற்றம் அதன் சின்ன அளவு மட்டுமல்ல. அதில் நாமே பதிவு செய்யலாம். தெருவுக்குத் தெரு ரெக்கார்டிங் சென்டர்கள் முளைத்தன. டி.டி.கே., சோனி, மெல்ட்ராக் என்று வெற்றுக் கேசட் வாங்கி, கோடு போட்ட தாளில் பாட்டுப் பட்டியல் எழுதிக் கொடுத்தால், இரண்டு நாளில் பதிவு செய்து தருவார்கள். ஏ பக்கத்தில் சோகம், பி பக்கத்தில் ஜோடிப் பாட்டு என்று திட்டம் போட்டு எழுதுவோம். 90 நிமிஷக் கேசட்டில் பக்கத்துக்குப் பத்துப் பாட்டு. கடைசிப் பாட்டு பாதியில் அறுந்துபோவதும் உண்டு. இளையராஜாவின் எக்கோ கேசட்டுகளையும் எச்.எம்.வி. கேசட்டுகளையும் காசு கொடுத்து வாங்கி, அட்டையைக்கூடக் கசக்காமல் வைத்திருந்தவர்களும் உண்டு.

காரோடு ஸ்டீரியோ வராது. அம்பாசடரோ, பிரீமியர் பத்மினியோ, மாருதி 800-ஓ, எதுவானாலும் வெளியில் வாங்கிப் பொருத்த வேண்டும். சென்னையில் அதற்கு பர்மா பஜாரும் ரிச்சி தெருவும் இருந்தன. பின் கண்ணாடிக்குக் கீழே பெரிய ஸ்பீக்கர் இரண்டு இருந்தால் கல்யாண வீட்டில் அந்தக் காருக்குத் தனி மரியாதை.

'அம்மா' கேசட்

1986-ல் வளைகுடாவிலிருந்து வந்த மாமா ஒரு டூ-இன்-ஒன் கொண்டு வந்தார். அப்போது தஞ்சைப் பக்கம் எங்கள் கிராமத்தில் ஒரு 60 நிமிஷக் கேசட்டில் அம்மாவைப் பாடச் சொல்லிப் பதிவு செய்தேன். அம்மா பாடகி இல்லை. ஏ பக்கத்தில் தாலாட்டும் கும்மியும் நலங்கும் பாடினார். பி பக்கத்தில் நடவுப் பாட்டு. இடையிடையே யார் எந்த வயலில் பாடியது, யாரிடம் கற்றுக்கொண்டது என்று கதையும் சொன்னார். பின்னால் சேவல் கூவும். என் தங்கை சிரிப்பாள்.

1996-ல் செகண்ட் ஹாண்டில் ஒரு மாருதி 800 வாங்கினேன். கேசட் பிளேயர் ஏற்கெனவே இருந்தது. ஊருக்குப் போய் அம்மாவைப் பின் சீட்டில் உட்கார வைத்து அந்தக் கேசட்டைப் போட்டேன். "நிறுத்துடா, ரோட்டுல போறவன் சிரிக்கப் போறான்" என்றார். நிறுத்தவில்லை. கொஞ்ச தூரம் போனதும் அவரே மெல்லச் சேர்ந்து பாடினார். 1998-ல் அம்மா போய்விட்டார்.

தட்டு வந்தது

இதற்கிடையே உலகம் மாறிக்கொண்டிருந்தது. சோனியும் பிலிப்ஸும் சேர்ந்து உருவாக்கிய சி.டி. 1982 அக்டோபரில் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. 12 சென்டிமீட்டர் தட்டு, 74 நிமிஷப் பாட்டு, தேயாத ஒலி. இரண்டே வருஷத்தில், 1984-ல், பயனியர் கம்பெனி காருக்கான சி.டி. பிளேயரைக் கொண்டு வந்தது. நம் ஊர்ச் சாதாரணக் கார்களுக்கு அது வர இன்னும் பல வருஷம் ஆனது.

ஒன்று போய் இன்னொன்று வரும் காலத்தில் ஒட்டுப்போடும் சாமான்களும் வரும். கேசட் பிளேயர் உள்ள காரில் சி.டி. கேட்க ஒரு போலிக் கேசட் விற்றார்கள், ஞாபகம் இருக்கிறதா? உள்ளே டேப் இருக்காது. ஒரு சின்னக் காந்த முனை இருக்கும், வெளியே ஒயர் தொங்கும். ஒயரை வாக்மேன் சி.டி. பிளேயரில் செருகினால் பாட்டு வரும். பிளேயரின் முனைக்கு எதிரே இந்த முனை நின்று, டேப் ஓடுவதாகவே அதை நம்ப வைக்கும்.

பின்னால் எஃப்.எம். டிரான்ஸ்மிட்டர் வந்தது. சிகரெட் லைட்டர் துளையில் செருகி, அதில் பென் டிரைவ் போட்டு, நிலையம் இல்லாத ஓர் அலைவரிசையில் கார் ரேடியோவை வைத்தால், நம் பாட்டுக்கு நாமே வானொலி நிலையம். இந்தியாவிலேயே முதல் எஃப்.எம். ஒலிபரப்பு 1977-ல் சென்னையில்தான் தொடங்கியது. அப்போது ஒரே நிலையம். தனியார் நிலையங்கள் வந்த பிறகு காலி இடம் தேடுவதே பெரும்பாடு. கிண்டியில் சரியாக இருக்கும் அலைவரிசை தாம்பரத்தில் கரகரக்கும்.

எல்லாவற்றையும் புரட்டிப் போட்டது எம்.பி.3. ஜெர்மனியில் ஃபிரான்ஹோஃபர் ஆய்வு நிறுவனத்தின் பெரும்பங்கோடு உருவானது. '.mp3' என்ற வால் பெயரை 1995-ல் வைத்தார்கள். மனிதக் காதுக்கு எட்டாத, ஒன்று மற்றொன்றை மறைத்துவிடும் ஒலிகளை விட்டுவிட்டு மீதியை மட்டும் எழுதும் முறை. சாதாரண சி.டி.யில் ஒரு நிமிஷத்துக்குச் சுமார் 10 எம்.பி. இடம் பிடிக்கும் பாட்டு, இதில் 1 எம்.பி.க்கு இறங்கியது. 15 பாட்டு இருந்த தட்டில் 150 பாட்டு! பிளாட்பாரத்தில் அந்தத் தட்டுகளைக் குவித்து விற்றார்கள். எங்கள் அலமாரிகளில் கேசட்டுக்கு இருந்த மரியாதை அன்றோடு போனது.

நான் செய்த தப்பு

வங்கியில் நான் கிளார்க்காக இருந்தபோது, பேரேட்டுக் கணக்கையெல்லாம் கம்ப்யூட்டருக்கு மாற்றினோம். ஒவ்வொரு கணக்கின் இருப்பையும் பேரேட்டோடு ஒத்துப் பார்த்து, டிக் அடித்து, மொத்தம் சரியான பிறகுதான் பழைய பேரேட்டை மூடுவோம். ஒரு பைசா இடித்தால் யாரும் வீட்டுக்குப் போக முடியாது. அந்த வேலையை இரவு பத்து மணி வரை செய்திருக்கிறேன்.

வீட்டில் செய்யவில்லை.

2004-ல் சி.டி. பிளேயர் உள்ள காருக்கு மாறினேன். முக்கியமான கேசட்டுகளை ஒரு கடையில் கொடுத்து சி.டி.யாக மாற்றி வாங்கினேன். 'அம்மா' சி.டி.யில் முதல் பாட்டைப் போட்டேன். தாலாட்டு வந்தது. திருப்தி. 2006-ல் இந்தக் குடியிருப்புக்கு வந்தபோது, "இவ்வளவு குப்பையா?" என்று நானே சொல்லி, இரண்டு பை கேசட்டுகளைப் பழைய பேப்பர்காரரிடம் கொடுத்தேன்.

2009-ல் தங்கை வந்திருந்தபோது காரில் அந்த சி.டி.யைப் போட்டுக்கொண்டு ஊருக்குப் போனோம். 30 நிமிஷத்தில் நின்றது. "பி சைடு எங்கண்ணே? நடவுப் பாட்டு எங்க?" என்றாள். நானும் அலுவலகம் போகும் கொஞ்ச தூரத்தில்தான் அதைக் கேட்டிருக்கிறேன். கடைசி வரை ஒரு நாளும் கேட்டதில்லை. கடைக்காரர் கேசட்டைத் திருப்பிப் போட மறந்திருக்கிறார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. சரிபார்க்காமல் பேரேட்டை எடைக்குப் போட்டவன் நான். அந்த அரை மணி நேரம் இனி எங்கும் கிடைக்காது.

இந்தச் சரித்திரத்தில் நான் கற்றது இதுதான். கார் கம்பெனிக்காரர்கள் பத்துப் பதினைந்து வருஷத்துக்கு ஒருமுறை பெட்டியை மாற்றிக்கொண்டே இருப்பார்கள். அமெரிக்காவில் தொழிற்சாலையிலேயே கேசட் பிளேயர் பொருத்தி வந்த கடைசிக் கார்களில் ஒன்று 2010 மாடல் லெக்ஸஸ். 2014-லிலும் 2015-லிலும் ஆப்பிள் கார்பிளே, ஆண்ட்ராய்டு ஆட்டோ வந்தன. திரை வந்தது, துளை போனது. ஒவ்வொரு தடவையும் பாட்டை அடுத்த பெட்டிக்குத் தூக்கிக்கொண்டு போகிற வேலை நம்முடையது. எங்கே விட்டோமோ அங்கே அது நின்றுவிடும்.

"போன்ல எல்லாப் பாட்டும் இருக்கே அங்கிள்" என்று இளைஞர்கள் சொல்வது கேட்கிறது. வாஸ்தவம். நானும் கேட்கிறேன். ஆனால் அது வாடகை வீடு. சந்தா நின்றால் பாட்டு நிற்கும். கம்பெனிகளுக்குள் ஒப்பந்தம் முடிந்தால் நேற்று இருந்த பாட்டு இன்று இருக்காது. டவர் இல்லாத இடத்தில் மௌனம்தான். எல்லாவற்றுக்கும் மேலாக, என் அம்மாவின் தாலாட்டு எந்த ஆப்பிலும் கிடையாது. உங்கள் வீட்டு நலங்குப் பாட்டும், உங்கள் பெண் பள்ளியில் வாங்கிய முதல் பரிசுப் பாட்டும் கிடையாது.

இப்போது என்ன செய்யலாம்?

சி பிளாக்கில் கல்லூரியில் படிக்கும் ஒரு பெண்ணிடம் வெளியில் இணைக்கும் டி.வி.டி. டிரைவ் இருக்கிறது. அவள் உதவியோடு மூன்று ஞாயிற்றுக்கிழமையில் என் 112 சி.டி.யும் பென் டிரைவுக்கு மாறின. கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன்.

முதலில், வீட்டில் எழுதிய சி.டி.க்களை எடுங்கள். கடையில் வாங்கியவை காத்திருக்கும். வீட்டில் எழுதும் சி.டி.யில் பாட்டு ஒரு சாயப் பூச்சில் இருக்கிறது. வெயிலில் நிற்கும் காரின் சூட்டில் அது கெட்டுப்போகும். 'அம்மா' சி.டி.யில் மூன்றாவது பாட்டு திக்கியது. டிரைவின் வேகத்தைக் குறைத்து நாலாவது முறை படித்தபோதுதான் முழுசாக வந்தது.

இரண்டாவது, இடம் பற்றிக் கவலை வேண்டாம். நல்ல தரமான 320 கே.பி.பி.எஸ். எம்.பி.3-ல் ஒரு மணி நேரப் பாட்டுக்குச் சுமார் 144 எம்.பி. ஆகும். மணிக்கணக்கில் நூறு சி.டி. என்றாலும் 15 ஜி.பி.க்குள் அடங்கும். 32 ஜி.பி. பென் டிரைவில் பாதி காலியாக இருக்கும்.

மூன்றாவது, பென் டிரைவை 'ஃபேட்32' முறையில் ஃபார்மட் செய்யுங்கள். பல கார்கள் மற்ற முறைகளைப் படிப்பதில்லை. பாட்டின் பெயருக்கு முன்னால் 01, 02 என்று எண் போடுங்கள். இல்லையென்றால் கச்சேரியில் மங்களம் முதலில் வரும், வர்ணம் கடைசியில் வரும்.

நான்காவது, புதுக் காரில் யு.எஸ்.பி. துளை நீள்வட்டமான சின்னதாக இருந்தால் பழைய பென் டிரைவ் நுழையாது. ஒரு சின்ன இணைப்பான் வாங்க வேண்டும். சில துளைகள் சார்ஜ் மட்டும் ஏற்றும், பாட்டு வராது. பக்கத்தில் இருக்கும் படக்குறியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாவதுதான் முக்கியம். பிரதி இரண்டு எடுங்கள், ஒன்று காரில், ஒன்று பீரோவில். முதல் பாட்டை மட்டும் கேட்டுவிட்டுத் திருப்திப்படாதீர்கள். கடைசி வரை கேளுங்கள். கேட்டு முடிக்கும் வரை பழையதைத் தூக்கிப் போடாதீர்கள்.

தை மாதம் தங்கை வந்தபோது புதுக் காரில் பாட்டைப் போட்டேன். பின் சீட்டில் என் பேத்தி. தாலாட்டு முடிந்து கும்மி வந்ததும் கை தட்டினாள். ஏ பக்கம் முடிந்தது. தங்கை தனக்கு நினைவில் இருந்த நடவுப் பாட்டில் நாலு வரி பாடினாள். மகன் அதைச் செல்போனில் பதிவு செய்தான். அன்று இரவே இரண்டு பிரதி எடுத்து, முழுசாகக் கேட்டு, டிக் அடித்துவிட்டேன்.

வரும் ஞாயிற்றுக்கிழமை முதல் காலை 10 மணிக்கு, சங்கத்தின் அறையில் நானும் அந்தப் பெண்ணும் டிரைவோடு இருப்போம். பரணில் இருக்கும் ஓடுகிற டூ-இன்-ஒன் ஒன்றைத் தர பி பிளாக்கில் ஒருவர் ஒப்புக்கொண்டிருப்பதால் கேசட்டுகளையும் மாற்றலாம். உங்கள் வீட்டுக் குரல்கள் இருக்கும் கேசட், சி.டி. எதுவானாலும் கொண்டு வாருங்கள். சினிமாப் பாட்டுத் தட்டுகளை இப்போதைக்கு விட்டுவிட்டு வாருங்கள், நேரம் போதாது. பென் டிரைவ் உங்களுடையது. காப்பி என்னுடையது.

கேசட்டென்றால் இரண்டு பக்கமும் திருப்பிப் போட்டுப் பார்ப்பேன். அதற்கு நான் பொறுப்பு.